கேட் தேர்வின் ஆர்.சி. (பத்தியை வாசித்து விடை சொல்லும் கேள்விகள்): கடைசி ரெண்டு ஆப்ஷனில் மாட்டிக்கொள்பவர்களுக்கு

ஐ.ஐ.எம்.களில் எம்.பி.ஏ. சேர எழுதும் கேட் (CAT) தேர்வுக்கு மாக், அதாவது மாதிரித் தேர்வு, எழுதிவிட்டு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் என்னிடம் சொல்வது ஒரே வாக்கியம்தான். "மேம், ரெண்டு ஆப்ஷன் வரைக்கும் கரெக்டா வந்துட்டேன். கடைசியில தப்பானதைப் போட்டுட்டேன்." இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு திருப்தியும் இருக்கும். கிட்டத்தட்ட வந்துவிட்டோம், இன்னும் கொஞ்சம் வாசித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் முதல் நாளே கலைத்துவிடுவேன். நான்கு ஆப்ஷனில் ரெண்டைத் தூக்கி எறிவதை, பத்தியை மேலோட்டமாகப் பார்த்த யாரும் செய்துவிடலாம். தேர்வு தயாரிப்பவர்கள் உங்களைச் சோதிப்பது மீதி இருக்கும் அந்த ரெண்டில்தான்.

நான் திருச்சி தில்லை நகரில் வீட்டு மாடியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். கேட்டின் ஆங்கிலப் பகுதியான வார்க் மட்டும்தான், அதிலும் பெரும்பாலும் ஆர்.சி. என்னிடம் வருபவர்கள் பொறியியல் கடைசி வருடத்துப் பிள்ளைகள், பி.காம். முடித்தவர்கள், வெள்ளிக்கிழமை இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸைப் பிடித்து வரும் ஐ.டி. ஊழியர்கள். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் பலர். எல்லோருக்கும் ஒரே பயம்: "என் இங்கிலீஷ் போதாது." போதும் என்பதுதான் என் அனுபவம். போதாமல் இருப்பது வேறொன்று. கணக்கில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேட்கும் பிள்ளைகள், ஆர்.சி.யில் மட்டும் "இதுதான்னு தோணுச்சு" என்று சொல்கிறார்கள். அந்தத் தோன்றுதலை நிறுத்துவதுதான் இங்கே நான் சொல்லப்போகும் வேலை முழுவதும்.

முதலில் தேர்வின் அளவுகளைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். 2015 முதல் 2019 வரை கேட் 180 நிமிடம், 100 கேள்வி. 2020 முதல் 120 நிமிடம், பகுதிக்கு 40 நிமிடம் என்று சுருக்கிவிட்டார்கள். ஒரு பகுதியில் மிச்சமான நேரத்தை அடுத்த பகுதிக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. 2021 முதல் வார்க்கில் 24 கேள்விகள் வருகின்றன. அதில் 16 ஆர்.சி.: நான்கு பத்தி, பத்திக்கு நான்கு கேள்வி. சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். மீதி 8 கேள்விகளில் பாரா ஜம்பிள் (கலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்துவது) மாதிரி விடையை நாமே தட்டச்சு செய்யும் டீட்டா வகைக்கு மைனஸ் கிடையாது. பத்திகள் பெரும்பாலும் 500 வார்த்தையை ஒட்டி இருக்கும்.

இந்த எண்ணிலிருந்து ஒரு கணக்குப் போடுங்கள். 500 வார்த்தையை 3 நிமிடத்தில் வாசிக்க, நிமிடத்துக்கு 170 வார்த்தை வேகம் போதும். அது கல்லூரி மாணவர் யாருக்கும் சாதாரண வேகம். அதனால் ஸ்பீடு ரீடிங் வகுப்புக்குக் காசு கட்டாதீர்கள். நேரம் வாசிப்பில் போவதில்லை. ஆப்ஷன்களுக்கு நடுவில் முன்னும் பின்னும் அலைவதில் போகிறது. முதல் வாசிப்பு மங்கலாக இருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் பத்தியை மறுபடி வாசிக்க வேண்டியிருக்கும். எனவே முதல் வாசிப்பை மெதுவாக்குங்கள் என்றே நான் சொல்வேன். பிள்ளைகள் நம்ப மறுக்கும் அறிவுரை இது.

வாக்கியம் என்ன வேலை செய்கிறது?

மெதுவாக வாசிப்பது என்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தேடுவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு வாக்கியமும் ஆசிரியருக்கு என்ன வேலை செய்து கொடுக்கிறது என்று பார்ப்பது. பிறர் கருத்தைச் சொல்கிறாரா, அதில் ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறாரா, திரும்புகிறாரா, தன் கருத்தை வைக்கிறாரா, உதாரணம் தருகிறாரா, தன் கருத்துக்கே எல்லை போடுகிறாரா? கேட் பத்திகளில் முக்கால்வாசி இந்த ஆறு வேலைக்குள் அடங்கிவிடும்.

வகுப்புக்காக நானே எழுதிய பத்தி ஒன்று இருக்கிறது. தேர்வு ஆங்கிலத்தில்தான் வரும். ஆனால் வாதத்தின் எலும்புக்கூட்டைப் பார்க்கப் பழகுவதற்கு முதல் வாரம் தமிழிலேயே கொடுப்பேன். ஆங்கிலம் என்ற சாக்கு அப்போது இருக்காது.

"தமிழ்நாட்டின் ஏரிகளைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக ஒரு கதை சொல்வதுண்டு. ஊர்மக்கள் ஒன்றுகூடித் தூர் வாரினார்கள், கரையைப் பலப்படுத்தினார்கள், நீரைப் பகிர்ந்துகொண்டார்கள். காலனி அரசு நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்ததும் அந்தக் கூட்டு வாழ்க்கை குலைந்தது. இந்தக் கதையில் உண்மை இல்லாமல் இல்லை. வருவாயில் குறியாக இருந்த அரசு பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை பெரும்பாலும் போதவில்லை. ஆனால் 'ஊர்' என்று நாம் யாரைச் சொல்கிறோம்? மதகைத் திறக்கச் சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது, மண் சுமந்தது யார், கடைமடை நிலம் யாருடையது என்று கேட்டால், அந்தக் கூட்டுறவு பல இடங்களில் சாதியும் நிலவுடைமையும் விதித்த கட்டாயமாகவும் இருந்தது தெரியவரும். ஏரிகள் நன்றாக இருந்ததற்கு ஒற்றுமை மட்டும் காரணமல்ல, கீழ்ப்படிய வைத்த அதிகாரமும் ஒரு காரணம். பழைய முறையைத் தூக்கியெறிவதற்காக இதைச் சொல்லவில்லை. அதை மீட்க விரும்புகிறவர்கள், எதை மீட்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்."

கேள்வி: ஆசிரியர் முதன்மையாகச் சொல்வது என்ன?

அ) காலனி அரசு நிர்வாகத்தைக் கையில் எடுத்ததே ஏரிகள் சீரழியக் காரணம்.
ஆ) பழைய ஏரிப் பராமரிப்பு ஊர் ஒற்றுமையால் நடக்கவில்லை, சாதி அதிகாரத்தால் நடந்தது.
இ) பழைய ஏரிப் பராமரிப்பை ஊர் ஒற்றுமையின் விளைவாக மட்டும் பார்த்தால், அதில் அதிகாரத்துக்கு இருந்த பங்கு மறைந்துவிடும்.
ஈ) ஏரிகளை மீட்க விரும்புகிறவர்கள் முதலில் நிலவுடைமையைச் சீர்திருத்த வேண்டும்.

நிறையப் பேர் அ-வை உடனே நீக்குகிறார்கள். அது ஆசிரியர் எடுத்துச் சொன்ன பிறர் கதை. ஈ-யை நீக்கச் சிலருக்கு மனம் வராது, ஏனென்றால் அது நல்ல கருத்து. அவர்களும் அப்படியே நினைக்கிறார்கள். பத்தியில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று கேட்டால் இல்லை. கடைசி வரி "தெரிந்து செய்ய வேண்டும்" என்று நின்றுவிடுகிறது. என்ன செய்ய வேண்டும் என்று ஆசிரியர் சொல்லவேயில்லை.

அப்புறம் ஆ-வும் இ-யும். வகுப்பு இங்கேதான் இரண்டாகப் பிரியும். ஆ-வைப் போட்டவர்களிடம் காரணம் கேட்டால், "ஆசிரியர் சாதி அதிகாரத்தைப் பத்திதானே பேசறார்?" என்பார்கள். பேசுகிறார், உண்மை. ஆனால் பத்தியில் இருப்பது "ஒற்றுமை மட்டும் காரணமல்ல." ஆ-வில் இருப்பது "ஒற்றுமையால் நடக்கவில்லை." "மட்டும்" என்ற ஒரு சொல் காணாமல் போயிருக்கிறது. "கட்டாயமாகவும்" என்பதில் இருக்கும் அந்த "உம்" கூடப் போய்விட்டது. ஆசிரியர் ரெண்டு காரணத்தையும் வைத்துக்கொள்கிறார், ஆ அதில் ஒன்றை அழித்துவிடுகிறது. இ மட்டும்தான் அவர் வைத்த அளவை அப்படியே காப்பாற்றுகிறது.

கேட்டின் "கடைசி ரெண்டு" பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தலைப்பு ரெண்டிலும் சரியாக இருக்கும், அளவுதான் ஒன்றில் மாறியிருக்கும். பத்தியில் "பல இடங்களில்" என்று இருப்பது ஆப்ஷனில் "எங்கும்" ஆகும். "ஒரு காரணம்" என்பது "காரணம்" ஆகும். "இருக்கலாம்" என்பது "இருக்கிறது" ஆகும். அல்லது காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கும். ஆங்கிலப் பத்தியில் இந்த வேலையைச் செய்பவை 'மே', 'சம்', 'லார்ஜ்லி', 'டெண்ட்ஸ் டு', 'நாட் ஒன்லி', 'பார்ட்லி' போன்ற சின்னச் சொற்கள். பிள்ளைகள் 'எபிஸ்டெமாலஜி' என்ற சொல்லுக்குப் பயந்து நிற்பார்கள், 'பார்ட்லி'யைத் தாண்டிப் போய்விடுவார்கள். மதிப்பெண் இருப்பது 'பார்ட்லி'யில்.

திருப்பச் சொற்களையும் கவனியுங்கள்: 'ஹவெவர்', 'யெட்', 'ஆல்தோ', 'நெவர்தெலெஸ்'. அவற்றைப் பார்த்ததும் ரஃப் ஷீட்டில் ஒரு சின்னக் கோடு போடச் சொல்வேன். பத்திக்கு அஞ்சாறு சொல்லில் குறிப்பும் எழுதலாம். மேலே உள்ள ஏரிப் பத்திக்கு என் குறிப்பு இவ்வளவுதான்: ஊர் ஒற்றுமைக் கதை, கொஞ்சம் ஒப்பு, ஆனால், அதிகாரமும், தூக்கியெறிய அல்ல.

சாட்சி வரி

இப்போது முறையைச் சொல்கிறேன். ஒரு விடையைக் கிளிக் செய்வதற்கு முன், அதற்குச் சாட்சியாகப் பத்தியில் ஒரு வரியையோ, ரெண்டு வரியைச் சேர்த்தோ விரலால் தொட்டுக் காட்ட முடிய வேண்டும். அதே மாதிரி, தவறான ஆப்ஷனில் அதைக் கொல்லும் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்ட முடிய வேண்டும். "இது அவ்வளவு சரியா இல்ல" என்பது காரணமாகாது. எந்தச் சொல் சரியில்லை? அந்தச் சொல்லைச் சொல்ல முடியாவிட்டால் அந்த ஆப்ஷன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

ரெண்டில் மாட்டும்போது எல்லோரும் செய்வது, எது "இன்னும் நல்லா இருக்கு" என்று ஒப்பிடுவது. ரெண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பத்தியோடு ஒப்பிடுங்கள். அழகாக எழுதப்பட்ட ஆப்ஷன், பத்தியில் வந்த சொற்களையே திருப்பிப் போட்ட ஆப்ஷன், ரெண்டுமே கவர்ச்சியாக இருக்கும். சரியான விடை பல நேரம் பத்தியின் ஒரு சொல்லைக்கூடப் பயன்படுத்தாமல், மந்தமாக, கொஞ்சம் சுற்றி வளைத்து எழுதியிருக்கும். துறையூரிலிருந்து வந்த ஒரு பெண் இதைக் கண்டுபிடித்துச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கும்: "மேம், கரெக்ட் ஆன்சர் எப்பவும் தயங்கித் தயங்கிப் பேசுது." பத்தியே தயங்குகிறது, அதனால் விடையும் தயங்குகிறது.

கேள்வி வகையைப் பொறுத்துச் சாட்சி வரியின் தன்மை மாறும். "எதை ஊகிக்கலாம்" என்று கேட்டால், கட்டாயம் உண்மையாக இருக்க வேண்டியதைத்தான் தேட வேண்டும். உண்மையாக இருக்கக்கூடியது போதாது. ஏரிப் பத்தியில் "காலனி அரசு பராமரிப்புக்குப் போதுமான அளவு செலவிடவில்லை என்று ஆசிரியர் கருதுகிறார்" என்பதை ஊகிக்கலாம். "கடைமடை நிலம் வைத்திருந்தவர்களுக்கு நீர் கிடைக்கவில்லை" என்பதை ஊகிக்க முடியாது. அது நம் பொது அறிவுக்குச் சரியாகப் படும். ஆனால் பத்தி கடைமடை நிலம் யாருடையது என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது.

"எது உண்மையானால் வாதம் பலவீனமாகும்" என்ற கேள்வியில் ஆப்ஷன் பத்தியில் இருக்காது. அங்கே சாட்சி வரி என்பது நீங்கள் தாக்கப்போகும் வரி. முதலில் அந்த வரியைத் தேர்ந்தெடுங்கள்: "கீழ்ப்படிய வைத்த அதிகாரமும் ஒரு காரணம்." நிலமும் உழைப்பும் சமமாகப் பங்கிடப்பட்ட ஊர்களிலும் ஏரிகள் அதே அளவு நன்றாக இருந்தன என்று ஒரு ஆப்ஷன் வந்தால், அது இந்த வரியை நேராக அடிக்கிறது. காலனிக் காலத்துக்கு முன்பே பல ஏரிகள் தூர்ந்து கிடந்தன என்று வந்தால், அது அடிப்பது முதலில் சொன்ன பிறர் கதையை. ஆசிரியர்மேல் ஒரு கீறலும் விழாது. யார் வாதம் என்று பிரித்து வைக்காதவர்கள் இங்கே விழுவார்கள்.

'எக்செப்ட்' கேள்விகளுக்குப் பொறுமை வேண்டும். மூன்று ஆப்ஷனுக்குச் சாட்சி கண்டுபிடித்து, மீதியைப் போட வேண்டும். நேரம் பிடிக்கும், அதனால் அந்தப் பத்தியின் கடைசிக் கேள்வியாகச் செய்யுங்கள். ஆசிரியரின் தொனியைக் கேட்கும் கேள்விக்கு 'ஆம்பிவலன்ட்', 'ஸ்கெப்டிகல்', 'டிஸ்மிஸிவ்', 'நாஸ்டால்ஜிக்' மாதிரி ஒரு பக்க அளவுக்குச் சொற்கள் தெரிந்திருந்தால் போதும். சொல் அட்டைகளை நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்வதை நான் ஊக்குவிப்பதில்லை. பத்தியில் வரும் தெரியாத சொல்லுக்கு ஆசிரியர் அதைப் பாராட்டாகச் சொல்கிறாரா, குறையாகச் சொல்கிறாரா என்று தெரிந்தால் பெரும்பாலும் தாண்டிவிடலாம்.

மறுநாள் காலை

ஆர்.சி. மதிப்பெண் உயர்வது பயிற்சி செய்யும் நேரத்தில் என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அது மறுநாள் உயர்கிறது.

இன்று மாலை நேரம் வைத்து ரெண்டு பத்தி செய்கிறீர்கள். விடைக்குறிப்பைப் பார்க்காதீர்கள். இதுதான் கடினம், கை துடிக்கும். மூடி வைத்துவிட்டுப் போங்கள். மறுநாள் காலை அதே பத்திகளை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் மறுபடி வாசித்து, எல்லாக் கேள்விக்கும் சாட்சி வரியோடு புதிதாக விடை எழுதுங்கள். அப்புறம்தான் விடைக்குறிப்பு.

இப்போது உங்களிடம் ரெண்டு விடை வரிசை இருக்கிறது. மாலை தவறு, காலை சரி என்றால் உங்களுக்கு வாசிக்கத் தெரிகிறது. அவசரம்தான் கெடுக்கிறது. ரெண்டு தடவையும் தவறு என்றால் அது வாசிப்பில் இருக்கும் ஓட்டை, அங்கே உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். மாலை சரி, காலை தவறு என்றால் மாலையில் குருட்டாம்போக்கில் வந்திருக்கிறது. அந்த மதிப்பெண்ணை நம்பாதீர்கள். மாக் ரிப்போர்ட்டில் இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்து ஒரு எண்ணாக வரும். அதைப் பார்த்து "என் அக்யூரசி குறைவு" என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

ரெண்டு தடவையும் தவறிய கேள்விகளுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். நெடுக்காக நான்கு வரிசை: நான் போட்ட விடை, அதைக் கொன்றிருக்க வேண்டிய சொல், சரியான விடையின் சாட்சி வரி, நான் அதை ஏன் தவறவிட்டேன். கடைசி வரிசையில் "கவனக்குறைவு" என்று எழுத வேண்டாம். "பிறர் கருத்தை ஆசிரியர் கருத்தாக எடுத்துக்கொண்டேன்", "என் சொந்த அபிப்பிராயத்தைப் போட்டேன்", "அளவுச் சொல்லை விட்டேன்", "கேள்வியில் இருந்த 'நாட்'டைப் பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் தவறுகள் பத்து வகை இல்லை, ரெண்டோ மூன்றோதான் என்று தெரிந்துவிடும். ஒரு மெக்கானிக்கல் பையனின் நோட்டில், தொழில்நுட்பம் பற்றிய பத்திகளில்தான் அதிகத் தவறு இருந்தது. தத்துவப் பத்திகளில் நன்றாகச் செய்தான். காரணம் அவனே சொன்னான்: தெரிந்த தலைப்பு வந்தால் பத்தியில் இல்லாததையும் அவன் மனம் நிரப்பிவிடுகிறது. பிடித்த தலைப்பு சுலபமான பத்தி என்று நினைத்துத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எந்தப் பத்திகளில் பயிற்சி செய்வது? பழைய கேட் வினாத்தாள்களில். மாக் தொடர்களின் ஆர்.சி. கேள்விகளில் சில தளர்வாக இருக்கும். ரெண்டு ஆப்ஷனுக்கும் வாதாட முடியும், விளக்கமும் திருப்தி தராது. நேரத்தைப் பழக்கிக்கொள்ள மாக் வேண்டும், விடையின் நுட்பத்தைக் கற்க உண்மையான வினாத்தாள்தான் வேண்டும். வருடத்துக்கு மூன்று ஸ்லாட் (தேர்வு நாளின் மூன்று வேளைகள்), ஸ்லாட்டுக்கு நான்கு பத்தி என்று பார்த்தால், 2021 முதல் 2024 வரை மட்டுமே 48 பத்திகள் இருக்கின்றன. அவற்றை ஜூன் மாதத்திலேயே அவசரமாக முடித்துவிடாதீர்கள். மறுநாள் காலை முறையில் மெதுவாகச் செய்யுங்கள். 2024 தாள்களைத் தொடாமல் வைத்திருந்து கடைசி மாதத்தில் முழுத் தேர்வாக எழுதுங்கள்.

பத்திகளைத் திரையில் வாசித்தே பயிற்சி செய்யுங்கள். தேர்வில் இடப்பக்கம் பத்தி, வலப்பக்கம் கேள்வி என்று வரும். பேனாவால் அடிக்கோடு போட முடியாது. அச்செடுத்து மார்க்கர் போட்டுப் படித்துப் பழகியவர்கள் திரையில் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கைப்பேசித் திரையும் வேண்டாம், அதில் பத்தியின் உருவமே தெரியாது.

தினசரி வாசிப்பு

நம் ஊரில் இங்கிலீஷ் வளர்க்க யாரைக் கேட்டாலும் "தி இந்து எடிட்டோரியல் படி" என்பார்கள். நல்ல அறிவுரைதான், நானும் அப்படி வளர்ந்தவள். ஆனால் கேட் பத்திக்கு அது மட்டும் போதாது. தலையங்கம் ஒரு செய்தியை எடுத்து நிலைப்பாட்டைச் சொல்லிவிடும். கேட் பத்திகள் நீண்ட கட்டுரைகளிலிருந்து வெட்டி எடுத்தவை. மானுடவியல், சூழலியல், வரலாறு, மொழியியல், பொருளாதாரம், கலை விமர்சனம் என்று எங்கிருந்தும் வரும். ஒரு கருத்தை வைத்து, அதை மறுத்து, மறுப்பையும் திருத்தி என்று போகும். 'ஏயான்' இணைய இதழின் கட்டுரைகள் இந்த ஓட்டத்துக்கு மிக நெருக்கமானவை, காசும் கட்ட வேண்டாம். 'ஸ்மித்சோனியன்', 'கார்டியன்' இதழ்களின் நீண்ட வாசிப்புப் பகுதிகளும் உதவும்.

தினம் ஒரு கட்டுரை போதும். வாசித்து முடித்ததும் மூடிவிட்டு, ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று தமிழில் மூன்று வாக்கியம் எழுதுங்கள். இதை என்னிடம் வரும் எல்லோரையும் செய்ய வைக்கிறேன், இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளையும் சேர்த்து. ஆங்கிலத்திலேயே சுருக்கம் எழுதினால் கட்டுரையின் சொற்களை அங்கங்கே பொறுக்கி ஒட்டிவிடலாம், புரியாமலே எழுதிவிடலாம். தமிழில் அந்த வழி அடைபட்டுவிடும். புரிந்தது மட்டும்தான் தாளில் இறங்கும். முதல் வாரத்தில் "இது காலநிலை பற்றிய கட்டுரை" என்று தலைப்பை மட்டும் எழுதுவார்கள். தலைப்பு வேண்டாம், வாதம் வேண்டும் என்று திருப்பிக் கொடுப்பேன். ரெண்டு மூன்று வாரத்தில் "இன்னாரின் கருத்தை ஏற்றுக்கொண்டாலும், அது இந்த இடத்தில் மட்டும் பொருந்தாது என்கிறார்" என்று எழுத ஆரம்பிப்பார்கள். அப்போது ஆர்.சி. மதிப்பெண்ணும் நகரத் தொடங்கும்.

தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பள்ளியில் பட்டிமன்றம் பேசியவர்களும், ஒரு திருக்குறளுக்கு ரெண்டு உரையாசிரியர்கள் எப்படி வேறுபடுகிறார்கள் என்று தமிழாசிரியர் சொல்லிக் கேட்டவர்களும் உங்களில் இருப்பார்கள். ஒரு வாதத்தின் எடையைப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அது எந்த மொழிக்கும் சொந்தமில்லை. ஆங்கில வாக்கியங்களின் நீளம் பழகுவதற்குச் சில மாதம் வேண்டும், அவ்வளவுதான். அதனால் நவம்பர் கடைசி ஞாயிறு தேர்வுக்கு ஜூனிலேயே தொடங்குங்கள். வாசிப்பை செப்டம்பர், அக்டோபரில் தொடங்கி ஈடுகட்ட முடியாது. அப்படித் தாமதமாக வந்தவர்களுக்கு நான் கட்டுரை வாசிப்பைக் குறைத்துவிட்டு, நோட்டு வேலையை மட்டும் கொடுக்கிறேன்.

40 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது

ஆர்.சி.க்கு 28 நிமிடம், மீதி எட்டுக் கேள்விக்கு 12 நிமிடம் என்று தொடங்குங்கள். நான்கு பத்தியும் செய்வதென்றால் பத்திக்கு 7 நிமிடம். முடியவில்லையா? மூன்று பத்தியை 9 நிமிடம் வீதம் நிதானமாகச் செய்யுங்கள். 16 கேள்வியையும் தொட்டு 9 சரி, 7 தவறு என்றால் கிடைப்பது 20. பன்னிரண்டு மட்டும் செய்து 10 சரி, 2 தவறு என்றால் 28. அட்டெம்ப்ட் எண்ணிக்கையைப் பெருமையாகப் பேசும் நண்பர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

எந்தப் பத்தியை விடுவது என்பதை முதல் பாராவைப் படித்து முடிவு செய்யலாம். பாரா முடிந்ததும் "இவர் என்ன சொல்ல வருகிறார்" என்று ஒரு வாக்கியம் மனதில் வந்தால் தொடருங்கள். வரவில்லையென்றால் அடுத்ததற்குப் போய்விட்டு, நேரம் இருந்தால் திரும்பி வாருங்கள். தலைப்பின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

ஊகித்துப் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான்கு ஆப்ஷனில் கண்ணை மூடிப் போட்டால் சராசரியாகக் கிடைப்பது பூஜ்யம்: நாலில் ஒரு முறை 3 வரும், மூன்று முறை ஒவ்வொன்று போகும். ஒன்றை உறுதியாக நீக்கினால் கேள்விக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் லாபம். ரெண்டை உறுதியாக நீக்கினால் 1 மதிப்பெண் லாபம். எனவே கொல்லும் சொல்லைக் காட்டி ரெண்டை நீக்கியிருந்தால், மிச்ச ரெண்டில் ஒன்றைப் போடுவது நல்ல முடிவுதான். "உறுதியாக" என்பதில் ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. சும்மா பிடிக்காமல் ஒதுக்கிய ஆப்ஷன் நீக்கப்பட்டதாகாது. ரெண்டில் மாட்டி ஒன்றரை நிமிடம் ஆகிவிட்டால் ஒன்றைப் போட்டு, 'மார்க் ஃபார் ரிவ்யூ' அழுத்திவிட்டு நகருங்கள்.

தேர்வு நாளில் வார்க்தான் முதல் பகுதி. அரங்கத்துக்குள் போய் உட்கார்ந்ததும் முதலில் உங்கள் கண்ணில் படுவது ஒரு நீண்ட ஆங்கிலப் பத்தியாக இருக்கலாம், அதுவும் தூக்கம் கலையாத மூளைக்கு. காலை 8.30 ஸ்லாட் கிடைத்தவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஒரு கட்டுரையை முழுதாக வாசித்து, மூன்று வாக்கியத் தமிழ்ச் சுருக்கத்தை வாயால் சொல்லிவிட்டுப் போங்கள். 12.30, 4.30 ஸ்லாட்காரர்கள் அரங்கத்துக்குக் கிளம்பும் முன் இதையே செய்யலாம். கடைசி வாரம் முழுவதும் உங்கள் ஸ்லாட் நேரத்திலேயே பயிற்சி செய்யுங்கள். புதிய பத்திகள் வேண்டாம், நோட்டின் கடைசி வரிசையை மட்டும் வாசியுங்கள். 35வது நிமிடத்தில் புதிய பத்தி எதையும் தொடங்க வேண்டாம். அந்த ஐந்து நிமிடத்தை மார்க் செய்து வைத்த கேள்விகளுக்கும், விடை எழுதாமல் கிடக்கும் டீட்டாக்களுக்கும் கொடுங்கள்.